தடி, சவுக்கு, குதிமுள்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்கள்

சவாரி மாடுகளின், அதாவது வண்டில் பந்தயத்தில் ஓடும் மாடுகளின், தீனியைப் பற்றிப் போன தடவை எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதி, தீனியை விட்டுவிட்டு அடியைப் பற்றிக் கேட்கின்றன. அதிலும் இரண்டு பேர் குதிரை வைத்திருக்கிறார்கள், அல்லது வைத்திருக்க ஆசைப்படுகிறார்கள். வன்னியில் இது எனக்குப் புதினம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில காலம் நுவரெலியாப் பக்கம் இருந்தேன். ஏப்ரல் சீசனில் ஓடுகிற குதிரைகளும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிகிற மட்டக்குதிரைகளும் அப்போது என் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று முழுக்க மாடுதான். இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

“என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. கனடாவில் குதிரை ஓடப் பழகுகிறாள். கையில் சவுக்கோடு நிற்கிற படம் அனுப்பியிருக்கிறாள். அடுத்த வருடம் சப்பாத்துக் குதியில் பூட்டும் குதிமுள் வேண்டுமாம். வாயில்லாச் சீவனை வதைக்கப் பழக்குகிறார்களோ என்று மனம் கேட்கவில்லை.” (ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டக்கச்சி)

ஐயா, சவுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவள் அதை எப்போது, எந்த இடத்தில், எத்தனை தரம் போடுகிறாள் என்று கேளுங்கள். அதைக் கேட்டால் பழக்குகிறவர் எப்படிப்பட்டவர் என்றும் தெரிந்துவிடும்.

குதிரையோடு பேசுவதற்கு முதலில் உடம்பு, குரல், கால், கடிவாளம் பிடித்த கை. நடக்கச் சொல்லவேண்டுமென்றால் இரண்டு காலாலும் விலாவை மெதுவாக ஒரு அமுக்கு. கேட்கவில்லையா, கொஞ்சம் அழுத்தமாக இன்னொன்று. அதற்கும் அசையவில்லை என்றால்தான் காலுக்குச் சற்றுப் பின்னால் சவுக்கால் ஒரு தட்டு. குதிரை அடி எடுத்து வைத்த அந்தக் கணமே கால், கை, சவுக்கு எல்லாம் சும்மா இருக்கவேண்டும். குதிரை பாடம் படிப்பது அந்தச் சும்மா இருத்தலில்தான். கேட்ட பிறகும் தட்டிக்கொண்டே இருந்தால், எதைச் செய்தால் தொல்லை நிற்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளில் காலுக்கும் அசையாது, சவுக்குக்கும் அசையாது. “மொக்குக் குதிரை” என்று பெயர் வாங்கிய பல குதிரைகள் இப்படி ஆக்கப்பட்டவைதான்.

படத்தில் அவள் வைத்திருப்பது குட்டைச் சவுக்காக இருந்தால் இதையும் கேளுங்கள்: காலுக்குப் பின்னால் தட்டுவதற்கு முன் கடிவாள வார் இரண்டையும் ஒரு கைக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்தார்களா? மாற்றாமல் தட்டினால் வார் பிடித்த கையும் சேர்ந்து பின்னால் போகும், வாயில் இரும்பு இழுபடும். பின்னால் “போ” என்று அடி, முன்னால் “நில்” என்று இழுவை. பாவம், குதிரை எதைக் கேட்கும்? நீளச் சவுக்கென்றால் வாரை விடாமலே மணிக்கட்டால் தட்டலாம். உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் தடை தாண்டும் போட்டிக்கு 75 சென்ரிமீற்றர் வரையும், குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் டிரெசாஜ் பயிற்சிக்கு 120 சென்ரிமீற்றர் வரையும் சவுக்கு அனுமதிக்கிறது. தலையில் அடிப்பது எங்கேயும் குற்றம். கோபத்தில் அடிப்பதும் அப்படித்தான்.

குதிமுள் விஷயத்தில் பேத்தி சொல்வதை விட்டுவிட்டு அவளுடைய காலைப் பாருங்கள். பழகுகிறவர்கள் விழப்போகிறோம் என்று பயந்தால் காலால் குதிரையை இறுக்கிப் பிடிப்பார்கள். குதிக்கால் மேலே எழும். அதில் முள் பூட்டியிருந்தால் பிள்ளைக்குத் தெரியாமலே விலாவில் குத்திக்கொண்டிருக்கும். குதிரை துள்ளும், பிள்ளை இன்னும் இறுக்கும். உடம்பு எப்படி ஆடினாலும் கால் ஆடாமல் தொங்கும் நிலைக்கு வந்தவர்களுக்குத்தான் குதிமுள். அதற்கு ஒரு வருடம் காணாது. அப்போதும் மொட்டை நுனி போதும். சக்கரம் வைத்ததென்றால் அது தடையில்லாமல் சுழலவேண்டும். ஓடி முடிந்ததும் சேணத்தைக் கழற்றி, விலா மயிரை எதிர்ப்பக்கமாக உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மயிர் தேய்ந்த இடம் கையில் தட்டுப்பட்டால் அன்றைக்கே குதிமுள் பெட்டிக்குள் போகட்டும்.

“பந்தயத்தில் கடைசி நேரம் விளாசுகிறார்களே, வேகம் கூடுமா? குதிரைத் தோல் தடிப்பு, அவ்வளவு நோகாது என்று நண்பன் சொல்கிறான்.” (பரந்தன்)

நண்பனை ஒரு ஈ உட்கார்ந்த குதிரையின் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் துடிப்பதைக் காணலாம். ஒரு ஈயின் பாரம் தெரிகிற தோல் அது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள்: நோவை உணரும் மேல்தோலின் தடிப்பிலும், அதிலுள்ள நரம்பு நுனிகளின் அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேகத்தையும் அதே பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள், 2011இல். அவர்கள் பார்த்த பந்தயங்களில் குதிரைகள் அதிக வேகமாக ஓடியது முடிவுக்கு 600 மீற்றரிலிருந்து 400 மீற்றர் வரையான துண்டில். அங்கே யாரும் சவுக்கைத் தொடவில்லை. அடி விழுந்ததெல்லாம் அதற்குப் பிறகு, குதிரை களைத்துக்கொண்டிருந்தபோது. நோர்வே 1982இலேயே பந்தயச் சவுக்குக்குத் தடை போட்டது. பிரித்தானியாவில் 2023 முதல் சமதரை ஓட்டத்தில் 6 அடி, தடை தாண்டும் ஓட்டத்தில் 7 அடிதான் உச்சம். அதற்கு மேல் நான்கு கூடினால் வென்ற குதிரையும் வெளியே.

“எங்கள் சவாரி மாட்டுச் சோடி, தடி நுனியில் ஆணி இல்லாமல் ஓடாது. சவாரித் திடலில் எல்லாரும் குத்துகிறார்கள். நான் மட்டும் விட்டால் தோற்கவேண்டியதுதானே?” (முள்ளியவளை)

தம்பி, ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சில வருடத்துக்கு முன் ஒருவர் விடியற்காலையில் சவாரிக் காளையொன்றைக் கொண்டுவந்தார். தின்னுதில்லை, படுத்தே கிடக்குது என்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, மயிர் மூடியிருந்தது. பின்தொடையில் கையை வைத்தேன். மிளகு ஒட்டியதுபோல் பொருக்குகள், வரிசையாக. ஒன்றை நகத்தால் கிளப்பியதும் சீழ் வந்தது. எண்ணிக்கொண்டு போனேன், இருபதுக்கு மேல். வலப்பக்க மாடு அது. அதனால் வலத்தொடையில்தான் அவ்வளவும். இடத்தொடை பளிங்குபோல் இருந்தது. “இது ஓட்டத்தில் இடப்பக்கம் சாயுமே?” என்றேன். மனிசன் வாயைத் திறக்கவில்லை. பிறகு, போன திடலில் பக்கத்து வண்டிலோடு முட்டிய கதையைச் சொன்னார்.

மாடு குத்திலிருந்து விலகித்தான் ஓடும். வலத்தில் குத்தினால் இடத்துக்கு ஒதுங்கும், சோடி மாட்டை நுகத்தோடு தள்ளும், வண்டில் கோணும். நேராக ஓடவேண்டிய திடலில் கோணுகிற ஒவ்வொரு முழமும் உங்களுக்கு நட்டம். அதோடு, தழும்பு விழுந்த இடத்தில் உணர்வு மங்கும். போன வருடம் தொட்டால் போதும், இந்த வருடம் ஆணி வேண்டும். அடுத்த வருடம் என்ன செய்வீர்கள்? வாலைக் கடிப்பதும் முறுக்குவதும் அதற்குப் பிறகு வருகிறவை. முறுக்கி வால் எலும்பு விலகிய மாடுகளையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சோடியை இனி மாற்றலாமா? வயதான காளை என்றால் கஷ்டம், உண்மையைச் சொல்கிறேன். புதிதாகப் பழக்குகிற நாம்பனில், அதாவது இளங்காளையில், தொடங்குங்கள். வெயில் ஏறமுன், வெறும் வண்டிலில், குளக்கட்டுப் பாதையில். முதலில் நாக்குச் சொடுக்கு, பிறகு நாணயக்கயிற்றில் (மூக்கணாங்கயிற்றில்) சின்ன அசைவு, பிறகுதான் ஆணியில்லாத துவரந்தடியால் முதுகில் ஒரு தட்டு. ஓடத் தொடங்கியதும் தடி மடியில். மேலே குதிரைக்குச் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவிரவாக வண்டில் கட்டிப்போன எங்கள் அப்புமார் வாயால்தான் ஓட்டினார்கள். கை பாதி நேரம் சுருட்டில் இருந்தது.

மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதில் எழுதிய தண்டப்பணம் நூறு ரூபா, ஆணியின் விலைக்குக் கொஞ்சம் கூட. ஆனபடியால் சட்டத்தைக் காட்டி உங்களை வெருட்டமாட்டேன். உங்கள் சவாரிச் சங்கம் ஓட்டம் முடிந்ததும் மாட்டின் தொடையைத் தடவிப் பார்த்து, இரத்தம் கண்டால் பரிசில்லை என்று ஒரு விதி போட்டால் “எல்லாரும் குத்துகிறார்கள்” என்ற பேச்சே எழாது. அடுத்த கூட்டத்தில் நீங்களே எழும்பிக் கேளுங்கள்.

“பிள்ளைகளை ஏற்ற ஒரு மட்டக்குதிரை வாங்கினேன். ஒரு மாதம் நன்றாக நடந்தது. இப்போது ஆள் ஏறினால் நகராது. சவுக்கை எடுத்தால் பின்னங்காலைத் தூக்குகிறது.” (மாங்குளம்)

சவுக்கை வைத்துவிட்டுச் சேணத்தைக் கழற்றுங்கள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு இடத்தில் முதுகைக் கீழே தாழ்த்தினால், காதைப் பின்னால் மடித்தால் அதுதான் காரணம். சேணம் கடிக்கிறது. பிறகு குளம்பு, பிறகு பல். ஓரப் பல் கூர்ந்து கன்னத்தைக் கிழித்தாலும் கடிவாளத்துக்கு முரண்டு பிடிக்கும். நன்றாக நடந்த மிருகம் திடீரென்று மறுத்தால் முதலில் நோவைத் தேடவேண்டும். ஏற்புவலி (ரெட்டனஸ்) தடுப்பூசி போட்டீர்களா என்றும் பாருங்கள். குதிரைக்கு அது மாட்டை விடப் பொல்லாத எதிரி, சின்ன ஆணிக் காயம் போதும்.

“நெடுந்தீவுக் குதிரை ஒன்றைப் பிடித்து வந்து பழக்கலாமா?” (பெயர் வேண்டாம் என்கிறார்)

கூடாது. அங்கே 2015இல் தேசியப் பூங்காவே அறிவித்திருக்கிறார்கள். குதிரைகள் அங்கேயே நிற்கட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள்.

“மன்னார் வீதியில் கழுதை நின்றால் அடித்தாலும் போகுதில்லை. ஏன் இந்தப் பிடிவாதம்?” (லொறிச் சாரதி)

குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நின்று யோசிக்கும். அடித்தால் பயம் கூடும், இன்னும் நிற்கும். இறங்கி, பக்கவாட்டில் போய்க் கையை விரித்து மெல்ல நடந்து வாருங்கள். இரண்டு நிமிடம் பிடிக்கும்.

“தடி குத்திய காயத்தில் புழு வைத்துவிட்டது. வேப்பெண்ணெய் ஊற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறேன், சரிதானே?” (புதுக்குடியிருப்பு)

கட்டை இப்போதே அவிழுங்கள். குத்துக் காயம் வெளியே சின்னது, உள்ளே ஆழம். மூடினால் சீழ் உள்ளே இறங்கும். கொதித்தாறிய உப்புத்தண்ணீரால் நன்றாகக் கழுவி, புழுவை இடுக்கியால் எடுத்து, அயடீன் கரைசல் விடுங்கள். வேப்பெண்ணெயை ஈ அண்டாமல் காயத்தைச் சுற்றிப் பூசலாம். ஆழத்தில் புழு நின்றால் ஊசி மருந்து தேவை, அதற்கு மிருக வைத்திய நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஆறும் வரை நுகம் வைக்கவேண்டாம். சித்திரைச் சவாரிக்கு வேறு சோடி பாருங்கள்.