மூன்றாவது தடவை வேண்டாம்

மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள் உங்கள் மகள். மூன்றாவது தடவைக்குப் பயிற்சி மையத்தில் சேர்ப்பதா, கடன் வாங்கியாவது ஒரு சீட் பிடிப்பதா என்றுதான் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அவள் தலை நிமிரவே இல்லை. தனியாகப் பேசியபோதுதான் பக்கவாதத்தில் பேச்சு இழந்த தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். "அவருக்கு வார்த்தை வராதப்ப எல்லாரும் அவருக்குப் பதிலா பேசிடுவாங்க. நான் மட்டும் காத்திருப்பேன்."

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. மூன்றாவது தடவை வேண்டாம். கடன் வாங்கி சீட் பிடிப்பது அறவே வேண்டாம். அவள் பேச்சு மொழி சிகிச்சை படிக்கட்டும். "தெரபிஸ்ட்னா டாக்டருக்குக் கீழதானே?" என்று கேட்ட அத்தை அந்தக் கடனை அடைக்கப்போவதில்லை.

பேச்சு மொழி சிகிச்சையாளர் என்றால் திக்குவாய்க்கு மட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கிறது. அறிவு அப்படியே இருக்கும். பலருக்குச் சொல்ல நினைப்பது தெரியும், சொல்தான் வராது. 'தண்ணீர்' வராதவருக்குச் சில சமயம் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை வரும். தெரிந்த பாட்டு வரும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் சிகிச்சையாளர் உள்ளே போகிறார். படத்தைக் காட்டி, முதல் ஒலியை மட்டும் உதட்டில் காட்டி, பத்து விநாடி வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

விழுங்குவதும் இவர்கள் பொறுப்புதான். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம். சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே போய்விடும். எது பாதுகாப்பு, எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்று ஒரு ஸ்பூனோடு பக்கத்தில் நின்று முடிவு செய்கிறார்கள். அது சின்ன வேலையா?

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னேற்றம் மாதக்கணக்கில் வரும், சிலருக்கு ஓரிடத்தில் நின்றுவிடும். வீட்டில் பயிற்சி செய்யாமல் வந்து, குணமாகவில்லை என்று கோபப்படும் குடும்பங்கள் உண்டு. கடைசி ஆளை அனுப்பிய பிறகும் குறிப்பு எழுதி முடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதில் தாங்கமாட்டார்கள். உங்கள் மகளிடம் அது இருக்கிறது, இரண்டு வருடமாக நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

படிப்பு அங்கீகாரம் பெற்றதா, முடித்தால் தொழில் உரிமம் கிடைக்குமா, நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி உண்டா என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதச் சான்றிதழ் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு முன், அனுமதி வாங்கி, ஒரு சிகிச்சையாளரோடு இரண்டு நாள் அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்வாள்.

திங்கட்கிழமை பயிற்சி மையத்துக்கு முன்பணம் கட்டவேண்டும் என்றீர்கள். கட்டாதீர்கள்.