முதலிடமும் கோப்பையும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து கணினியில் ஐஸ் ஹாக்கி சிமுலேஷன் லீக் நடத்துகிறோம். ஆளுக்கொரு அணி. வீரர்களை வாங்குவது, விற்பது, யாரை யாரோடு இறக்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. ஆட்டத்தை ஆடி முடிப்பது மென்பொருள். 82 ஆட்டங்கள் கொண்ட லீக் சுற்றில் என் அணிதான் முதலிடம். பிளே ஆஃபில் முதல் தொடரிலேயே, கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு வந்த அணியிடம் ஆறே ஆட்டங்களில் தோற்றேன். ‘உன் கோல்கீப்பர் முக்கியமான மேட்ச்சில் சொதப்புகிறவன், விற்றுவிடு’ என்கிறார் ஒரு நண்பர். எனக்கு மென்பொருள் மீதே சந்தேகம். லீக் சுற்றில் ஜெயித்த அணி பிளே ஆஃபிலும் ஜெயிக்கும் என்று நம்பக்கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்பலாம். எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் சிக்கல்.

வட அமெரிக்காவின் நிஜ ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளே ஆஃபில் ஒவ்வொரு தொடரும் அதிகபட்சம் ஏழு ஆட்டம்; முதலில் நாலு ஜெயிப்பவருக்கே தொடர். லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு 1985–86 முதல் பிரசிடென்ட்ஸ் டிராபி தருகிறார்கள். 2024–25 வரை நடந்த 39 சீசன்களில் அந்த அணியே பிளே ஆஃபையும் வென்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 8 முறைதான். 2018–19இல் டம்பா பே அணி லீக் சுற்றில் 62 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, முதல் தொடரில் கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்றது. 2022–23இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனையே படைத்தது. ஃபுளோரிடாவுடனான முதல் தொடரில் 3–1 என முன்னிலையில் இருந்தும் வெளியேறியது. உடனே ‘பதற்றம்’, ‘பெரிய மேட்ச் மனநிலை’ என்று பேச்சு கிளம்பிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. ஓர் அணி எந்த ஆட்டத்தையும் ஜெயிக்க 58 சதவீத வாய்ப்பு உள்ளது என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை அது ஜெயிக்க ஏறக்குறைய 67 சதவீத வாய்ப்பு. அப்படி நாலு தொடர்களையும் தாண்டினால்தான் கோப்பை: 20 சதவீதம். 39இல் 8 என்பதும் அதே 20 சதவீதம்தான்! நிஜ வீரர்களுக்குப் பதற்றமே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பதற்றத்தை இழுக்காமலே கணக்கு நேராகிவிடுகிறது. குலுக்கல் போட்டால் 16 அணிகளில் ஒன்றுக்குக் கிடைப்பது 6 சதவீதம். ஆக, முதலிடம் உங்கள் வாய்ப்பை மூன்று மடங்காக்குகிறது. அப்படியும் ஐந்தில் நான்கு முறை கோப்பை வேறொருவர் வீட்டுக்குத்தான் போகும்.

அதனால் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். அனுபவம், தலைமைப் பண்பு என்று வீரர்களுக்குத் தனி மதிப்பெண் வைக்கும் மென்பொருள்கள் உண்டு. இருந்தாலும் அதற்கு வியர்க்காது, கை நடுங்காது.

உங்கள் புள்ளிப்பட்டியலைத்தான் நான் சந்தேகிப்பேன். நண்பர்கள் லீக்கில் சீசன் பாதியில் ஆர்வம் வடிந்துபோய் சிலர் எட்டியே பார்ப்பதில்லை. காயம்பட்டவனுக்கு மாற்று ஆள் போடக்கூட நாதியில்லாத அந்த அணிகளை மேய்ந்து சேர்த்த புள்ளி எவ்வளவு? அவை பிளே ஆஃபுக்கு வரப்போவதில்லை. தகுதி பெற்ற அணிகளோடு மட்டும் உங்கள் கணக்கு எப்படி என்று பாருங்கள். அடுத்து, ஷூட் அவுட் வெற்றிகள். என்.எச்.எல். விதிகளைப் பின்பற்றும் லீக் என்றால், லீக் சுற்றில் ஆட்டம் சமனானால் மூவருக்கு மூவர் கூடுதல் நேரம், பிறகு ஷூட் அவுட், அதாவது ஒருவர் பின் ஒருவராகத் தனியே வந்து கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பது. பிளே ஆஃபில் ஐவருக்கு ஐவர், கோல் விழும்வரை ஓட்டம்; ஷூட் அவுட் திறமை அங்கே செல்லாக்காசு. சீசன் நடுவே நீங்கள் பெரிய வியாபாரம் ஏதும் செய்திருந்தால், பட்டியலில் இருப்பது இரண்டு வெவ்வேறு அணிகளின் புள்ளி. மொத்தத்தில் புள்ளிகளைவிட கோல் வித்தியாசத்தை, அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்து வருவதை, நம்புங்கள்.

சரிசமமான அணிகள் ஆடினால்கூட, 82 ஆட்டங்களில் நாலைந்து வெற்றி கூடுவதும் குறைவதும் வெறும் அதிர்ஷ்டத்தால் நடக்கும். முதலிடத்தில் இருப்பவர் நல்ல அணி வைத்திருப்பார், அதிர்ஷ்டமும் கொஞ்சம் வாங்கி வந்திருப்பார்.

லீக் சுற்று முடிந்த கட்டத்தில் சேமித்த கோப்பு இருந்தால் அங்கிருந்து பிளே ஆஃபை நூறு முறை ஓட்டிப் பாருங்கள். பாஸ்டன் ரசிகர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இருபது கோப்பைக்குமேல் வந்தால் உங்கள் அணி நல்ல அணிதான்.

கோல்கீப்பர் விஷயம். ஆட்டத்துக்கு 30 ஷாட் வீதம் ஆறு ஆட்டங்களில் 180 ஷாட். நூற்றுக்கு 91 தடுக்கும் திறமை உள்ளவன் அதில் சுமார் 16 கோல் விடுவான். திறமை இம்மியும் குறையாமலே அது 20 ஆகலாம், 12 ஆகலாம். 20 விட்டால் சொதப்பல் மன்னன், 12 விட்டால் சுவர்!

விற்காதீர்கள். விற்கச் சொன்ன நண்பரின் அணியில் கோல்கீப்பர் யார் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.