அவளை ஏன் இடம் மாற்றினாய்?

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறேன். ஆறாம் வகுப்பில் 7 பேர், பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். நான் நடத்துவது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பெண், நான் சொல்வதைப் புதிதாகச் சேர்ந்த தன் சித்தப்பா மகளுக்கு ஒடியாவில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பாள். வகுப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டேன். மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் மார்க்கைக் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வேறு பள்ளி கேட்கலாமா?

பதில்: மகளே, வேறு பள்ளி கேட்காதே. அந்தக் கடைசி பெஞ்சுக்கு வருவோம்.

அந்த வகுப்பில் புதுப் பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் அவளுடைய அக்கா. அவளைத்தான் நீ எழுப்பி அனுப்பியிருக்கிறாய். நானும் மூத்தவளாகப் பிறந்தவள். தனக்குத் தெரிந்ததைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுக்காமல் ஓர் அக்காவால் சும்மா இருக்க முடியாது. அது அவள் கடமை. அதை இடைஞ்சல் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

பி.எட். 2015 முதல் இரண்டு வருடமானது. இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி 16 வாரம், எல்லாப் பாடத்துக்குள்ளும் மொழி இருக்கிறது என்று சொல்ல ஒரு தனித் தாள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இயன்றவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. பன்முகப் பண்பாடு பற்றி நீயும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். வகுப்பு அமைதியாக இருந்ததா என்று மட்டும் பார்த்து மார்க் போடும் பேராசிரியர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

சரி, அடுத்து ஆவியாதல் மாதிரி ஒரு பாடம் வரும்போது இப்படிச் செய். கரும்பலகையில் ‘நீர்’ என்று எழுது. ஒடியாவில் அது ‘பாணி’. அதைப் பக்கத்திலேயே ஒடியா எழுத்தில் எழுதும்படி புதுப் பெண்ணிடம் சொல். அப்புறம் ஈரத்துணியால் பலகையின் ஒரு மூலையைத் துடை. ஈரம் காய்வதை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டும். “தண்ணி எங்கே போச்சு?” என்று அந்தப் புதுப் பெண்ணைக் கேள். அவள் ஒடியாவில் சொல்லட்டும், அக்கா அதைத் தமிழில் சொல்லட்டும். நடந்ததை அப்படியே பயிற்சிப் பதிவேட்டில் எழுதி வை. அதற்கும் மார்க் குறைந்தால் குறையட்டும்.

நாளைக்கு மணி அடித்ததும் முதல் வேலையாக அக்காவைக் கூப்பிட்டுத் தங்கை பக்கத்தில் உட்கார வை. இனிமேல் கிசுகிசுக்க வேண்டாம், சத்தமாகவே சொல்லிக் கொடு என்று அவளிடம் சொல்.