பழைய பிழைகளும் இன்றைய போதனையும்

கேள்வி: எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன். கலிலேயோவைத் தண்டித்த, கோயிலுக்குள்ளேயே சாதிக்கு இடம்கொடுத்த, திப்பு சுல்தானின் அரண்மனை மரங்களைக் கொண்டு உதகையில் ஆலயம் கட்டிய திருச்சபைக்கு ஒழுக்கம் பேச என்ன அருகதை என்று மாணவர்கள் கேட்கின்றனர். என்ன பதில் சொல்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். 1830-இல் அர்ச்சிக்கப்பட்ட உதகை புனித ஸ்டீபன் ஆலயம் கத்தோலிக்கருடையதல்ல, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சபையினருடையது. இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் கூரையைத் தாங்கும் உத்திரங்கள் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து மலையேற்றப்பட்டவை என்பது உண்மைதான். வென்றவர்கள் தோற்றவரின் வீட்டைப் பிரித்துக் கோயில் கட்டினார்கள். அது கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின் போக்கு. அதன் பலனை வழிபட வந்தவர்கள் அனுபவித்தார்கள் என்றாலும், அப்படிச் செய்வது அறமென்று எந்தச் சபையும் அதைக் கொண்டு போதிக்கவில்லை.

கலிலேயோவின் வழக்கு வேறு. 1633-இல் ரோமில், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அவரது கொள்கையைக் கைவிடச் செய்தவர்கள், தங்கள் அதிகாரம் செல்லாத இடத்தில் அதைச் செலுத்தினார்கள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் அத்தவறை ஒப்புக்கொண்டார். நல்லதுதான், ஆனால் 359 ஆண்டுகள் கழிந்தபின் அந்த ஒப்புதலால் எவருடைய பதவியும் சொத்தும் போகவில்லை.

சாதிதான் உங்கள் மாணவர்களின் கேள்வியில் கனமான பகுதி. இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியின் மதுரைப் பணியைக் குறித்த சர்ச்சையில், மனந்திரும்பிய பிராமணர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-இல் சில நிபந்தனைகளுடன் இசைந்தார். சமூக வழக்கம் என்று அன்று கதவருகே விட்டது பின்னர் பீடம்வரை வந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பீடத்தில் சந்திக்கும் இரு நீண்ட கிளைகளாகவே கோயில் எழுந்தது. சாதிக்கொரு பக்கம் அமர, நடுவே சுவர் நின்றது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே பகிர்ந்தார்கள். 1910-இல் குருக்கள் அச்சுவரை இடித்தபோது, எதிர்த்து வழக்காடியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. ஆகவே பழியை ரோமின் தலையில் மட்டும் போடுவது நமக்குச் சௌகரியமான வாதம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை 2016-இல்தான் வெளியிட்டது.

இவ்வளவும் நடந்ததால் 'பிறரை உன்னைப்போல் நேசி' என்ற கட்டளை பொய்யாகிவிடுமா? ஆகாது, உங்கள் மாணவர்கள் திருச்சபையை எடைபோடுவதே அந்தக் கட்டளையை வைத்துத்தான். ஆனால் போதனை மெய்யா என்பதும், போதிப்பவரை நம்பலாமா என்பதும் இரண்டு கேள்விகள். மற்றச் சங்கங்கள் தவறினால் விதிமீறல் என்று விட்டுவிடலாம். 'அறத்தைக் காக்கும் பொறுப்பு என்னுடையது' என்று கீழ்ப்படிதலைக் கேட்கும் அமைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய பிழைக்கு வருந்துவது எளிது. இப்போது நடப்பதைத் திருத்தினால் பங்கில் பணக்காரக் குடும்பங்கள் முறைத்துக்கொள்ளும், திருவிழா வசூல் குறையும். அந்த நட்டத்துக்குத் துணிகிறார்களா என்பதைப் பார்த்தே நான் நம்புவேன்.

வகுப்பில் 1623-ஐயும் 1910-ஐயும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு உங்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறார்கள், அதைத் தீர்மானிப்பது யார் என்பதைப் பங்குப் பேரவையில் விசாரித்து வரும்படி மாணவர்களையே அனுப்புங்கள்; பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது முறை.