மெடிகேர் ஓப்பன் என்ரோல்மென்ட்: அக்டோபர் 15-க்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

கேள்வி: அமெரிக்காவில் ஓய்வு பெற்று மெடிகேரில் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கும் அப்பா அம்மாவுக்கு வருடா வருடம் வரும் ஓப்பன் என்ரோல்மென்ட்டுக்கு, அதாவது பிளானை மாற்றும் காலத்துக்கு, எப்படித் தயாராவது? இருக்கிற பிளானையே அப்படியே விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிடலாம், தானாகவே நீளும். ஆனால் ஜனவரியில் அது பழைய பிளானாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயர் அதேதான், பிரீமியம், டிடக்டிபிள் (பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை), பிளான் ஏற்கும் மருந்துகளின் பட்டியல், டாக்டர் நெட்வொர்க் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். என்ன மாறுகிறது என்று சொல்லும் ‘ஆனுவல் நோட்டீஸ் ஆஃப் சேஞ்ச்’ செப்டம்பர் 30-க்குள் வந்துசேர வேண்டும். அதே வாரத்தில் தபால் பெட்டி முழுக்க மெடிகேர் விளம்பரங்களும் வருவதால், பல வீடுகளில் இதுவும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. அதில் இந்த வருடம், அடுத்த வருடம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். அதை மட்டும் படித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பிளானை மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. மாற்றம் ஜனவரி 1-இல் அமலுக்கு வரும். மெடிகேரின் இணையதளத்தில் அடுத்த வருடப் பிளான்களை அக்டோபர் 1-லிருந்தே பார்க்கலாம் என்பதால், வீட்டுப்பாடத்தைச் செப்டம்பரிலேயே தொடங்குவது நல்லது.

முதல் வேலை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. மெடிகேரில் குடும்பப் பிளான் என்று ஒன்று கிடையாது. இருவருக்கும் ஒரே கம்பெனி இருந்தால் சௌகரியம் என்று நினைத்து ஒருவருக்குப் பொருந்தாத பிளானில் சேர்க்க வேண்டாம். மருந்தின் பெயரை நினைவிலிருந்து எழுதாமல், பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் பார்த்து எழுதுங்கள்: பெயர், மில்லிகிராம், மாத்திரையா கேப்சூலா, 30 நாளைக்கு எத்தனை. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் வீடுகளில் அதிகம் புழங்கும் மெட்ஃபார்மினே போதும். சாதாரண மெட்ஃபார்மினும் சரி, பரவலாகத் தரப்படும் ஈஆர் (மெதுவாக மருந்தை வெளிவிடும்) வகையும் சரி, மிக மலிவு. ஆனால் அதே ஈஆரில் ‘ஆஸ்மாடிக்’, ‘மாடிஃபைடு’ என்ற வால் ஒட்டிய வகைகளும் உண்டு. ஜெனரிக்காக இருந்தும் அவற்றின் விலை பல மடங்கு. மெடிகேர் தளத்தில் பெயரைத் தட்டும்போது தவறான வரியைத் தேர்ந்துவிட்டால், நல்ல பிளான் எல்லாம் கொள்ளை விலையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் பிரிண்ட் அவுட் கேளுங்கள், தருவார்கள்.

பட்டியலை ஏற்றியதும் மாத பிரீமியத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பார்க்க வேண்டியது மருந்தும் பிரீமியமும் சேர்ந்த வருடச் செலவு. பூஜ்யம் டாலர் பிரீமியம் என்று சொல்லும் பிளானில் டிடக்டிபிள் உச்ச அளவான 615 டாலராக இருக்கலாம் (2026 கணக்கு). கடையும் முக்கியம். ஒரே பிளானில் ‘பிரிஃபர்டு’ கடைக்கு (பிளானோடு சலுகை ஒப்பந்தம் உள்ள கடை) ஒரு விலை, தெருவைத் தாண்டி உள்ள இன்னொரு கடைக்கு வேறு விலை. வழக்கமான கடையோடு இன்னும் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒப்பிடுங்கள். மருந்தின் பெயருக்கு எதிரே பிரையர் ஆதரைசேஷன் (பிளானின் முன் அனுமதி), ஸ்டெப் தெரபி (முதலில் வேறு மருந்தை முயல வேண்டும்), குவான்டிட்டி லிமிட் (அளவுக் கட்டுப்பாடு) என்ற குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் கடையில் உடனே முழுதாகக் கிடைக்காமல் போகலாம்.

மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி-யில் 2026-க்குக் கைக்காசுச் செலவின் உச்சவரம்பு 2,100 டாலர். பிளானின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டும்தான் இந்த வரம்பு. பிரீமியம் இதில் சேராது. விலை கூடிய மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஜனவரியிலேயே பெரிய பில் விழும். பணத்தை மாதாமாதம் பிரித்துக் கட்டும் வசதி எல்லா பார்ட் டி பிளானிலும் உண்டு. பிளானைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

அட்வான்டேஜ் பிளானில் (மெடிகேர் பலன்களைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் பிளான்) இருந்தால் அடுத்த வேலை டாக்டர்கள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து “மெடிகேர் எடுப்பீர்களா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். உறுப்பினர் கார்டில் எச் என்ற எழுத்தில் தொடங்கும் பிளான் எண் இருக்கும். அதைச் சொல்லி, “இந்த டாக்டர், இந்தக் கிளினிக்கில், அடுத்த வருடம் இந்த பிளானின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். பிளான்காரர்களின் டைரக்டரியை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும்.

இனி, திரும்ப முடியாத கதவுகள். ஒரிஜினல் மெடிகேரும் (அரசே நேரடியாக நடத்துவது) மெடிகேப்பும் (அது கட்டாமல் விடும் பங்குக்கான தனியார் துணைக் காப்பீடு) வைத்திருப்பவர், பல் வைத்தியம், கண்ணாடி, ஜிம் இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து அட்வான்டேஜுக்குப் போவது சுலபம். திரும்பி வருவதுதான் கஷ்டம். ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம், ஆனால் மெடிகேப் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 65 வயதாகி பார்ட் பி (டாக்டர், வெளிநோயாளிச் சிகிச்சைக்கான மெடிகேர் பகுதி) தொடங்கியதிலிருந்து 6 மாதம் வரை மட்டுமே கேள்வி கேட்காமல் மெடிகேப் தருவார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் விதிவிலக்கு. முதல் முறையாக அட்வான்டேஜுக்குப் போனவருக்கு 12 மாதச் சோதனைக் காலம் உண்டு, அதற்குள் பழைய மெடிகேப்புக்குத் திரும்பலாம். சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். இன்னொன்று, இந்த அக்டோபர்-டிசம்பர் காலத்துக்கும் மெடிகேப்புக்கும் சம்பந்தமே இல்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழைய கம்பெனி தரும் ஓய்வுக்கால இன்சூரன்ஸ் இருந்தால், வெளியில் எதிலும் சேரும் முன் அந்தக் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பிரிவைக் கேளுங்கள். தனி பார்ட் டி-யிலோ அட்வான்டேஜிலோ சேர்ந்த அன்றே அந்த இன்சூரன்ஸ் ரத்தாகலாம். துணைவருடையதும் சேர்ந்தே போகலாம், திரும்பக் கிடைக்காமலும் போகலாம். இதே மாதிரி, ஹெச்எம்ஓ (பெரும்பாலும் நெட்வொர்க் டாக்டர்களிடம் மட்டுமே போகும்) வகை அட்வான்டேஜில் இருப்பவர் “மருந்துக்கு மட்டும்” என்று தனி பார்ட் டி ஒன்றில் சேர்ந்தால், அட்வான்டேஜிலிருந்தே தானாக வெளியேற்றப்படுவார். ஒரு பிளானிலிருந்து இன்னொன்றுக்கு மாற, பழையதை நீங்கள் ரத்து செய்யத் தேவையில்லை. புதியதில் சேர்ந்தால் பழையது விழுந்துவிடும். மெடிகேப் மட்டும் அப்படி இல்லை, அதை நீங்களேதான் நிறுத்த வேண்டும், அதுவும் புதியது உறுதியான பிறகே.

மருந்தே சாப்பிடாதவர் பார்ட் டி வேண்டாம் என்று விடுவதும் உண்டு. ஈடான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாள் தொடர்ந்து கடந்தால் அபராதம்: விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படை பிரீமியம் 38.99 டாலர். 14 மாதம் விட்டவருக்கு மாதம் 5.50 டாலர் கூடுதல், பார்ட் டி உள்ளவரை. பெரிய தொகை இல்லை, ஆனால் விடாது.

இந்தியாவில் சொத்து உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பார்ட் பி பிரீமியம் 2026-இல் மாதம் 202.90 டாலர். ஆனால் 2024 வரிக் கணக்கில் வருமானம் தனிநபருக்கு 1,09,000 டாலரையோ, தம்பதிக்கு 2,18,000 டாலரையோ தாண்டியிருந்தால் ‘இர்மா’ என்ற கூடுதல் கட்டணம் சேரும். முதல் படியிலேயே ஆளுக்கு மொத்தம் மாதம் 284.10 டாலர். தாம்பரத்தில் மனையை விற்ற லாபமும் இந்த வருமானத்தில் சேரும். வேலையை விட்டதால் வருமானம் குறைந்தது என்றால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். விருப்பப்பட்டு மனை விற்றதற்கு அந்தச் சலுகை இல்லை.

ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு: சென்னை ஆஸ்பத்திரி பில்லை ஒரிஜினல் மெடிகேர் கட்டாது. மெடிகேப்பில் ஜி, என் போன்ற சில வகைகள் வெளிநாட்டு அவசரச் சிகிச்சையில் 250 டாலர் போக 80 சதவீதம் தரும். பயணத்தின் முதல் 60 நாளைக்குள், ஆயுளுக்கும் சேர்த்து 50,000 டாலர் வரை. அட்வான்டேஜில் இருந்துகொண்டு பிளான் பகுதிக்கு வெளியே 6 மாதத்துக்கு மேல் தங்கினால் பெரும்பாலான பிளான்கள் பெயரை எடுத்துவிடும்.

யாரிடம் கேட்பது? ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, கமிஷன் வாங்காதவர்கள். நவம்பர் கடைசியில் இடம் கிடைக்காது, அக்டோபரிலேயே நேரம் வாங்குங்கள். மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கட்டணம் இல்லை. முன்பின் தெரியாதவர் தானாகப் போன் செய்து மெடிகேர் எண்ணைக் கேட்டால் வைத்துவிடச் சொல்லி அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

ஜனவரி முதல் வாரமே புதிய கார்டோடு கடைக்குப் போய் ஒரு மருந்தாவது வாங்கிப் பாருங்கள். புதிய பிளானில் ஒரு மருந்து பட்டியலில் இல்லாமல் போனால், சேர்ந்த முதல் 90 நாளைக்குள் ஒரு மாதத்துக்கான தற்காலிக சப்ளை தர வேண்டும். ‘ட்ரான்சிஷன் ஃபில்’ என்று கேளுங்கள், அதற்குள் டாக்டர் விதிவிலக்கு கேட்டு எழுதலாம். அட்வான்டேஜில் இருப்பவர்கள் தவறாகச் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால், மார்ச் 31 வரை ஒரே ஒரு முறை மாற்றலாம்.