யாழ்ப்பாணத்தில் சாமான் நிறைந்த வீட்டை எந்த ஒழுங்கில் குறைத்து அடுக்குவது?

கேட்டிருப்பது இதுதான்: "அம்மாவோடு பழைய வீட்டில் இருக்கிறேன். நாலு அறையும் சாமான். வீட்டுக்குள் இருக்கவே மனம் வருகுதில்லை. எங்கே தொடங்குவது? என்ன பெட்டி, என்ன அலுமாரி வாங்கலாம்?"

ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் பெட்டிகூட அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. பெட்டி வாங்கி, பெயர் ஒட்டி, அடுக்கு என்கிற ஆலோசனை குளிர்நாட்டு வீடுகளுக்குச் சரிவரலாம். இங்கே ஈரத்தோடு மூடிய பெட்டி ஒரு மாரியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். நிலத்தில் வைத்த மட்டைப்பெட்டியைக் கறையான் அடியால் தின்றுகொண்டு வரும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே யாழ்ப்பாணத்து வீட்டில் முதல் வேலை அடுக்குவது இல்லை. நிலத்தையும் சுவரையும் சாமானிலிருந்து விடுவிப்பதுதான் முதல் வேலை. அது நடந்தாலே வீடு பாதி வடிவாகிவிடும்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. வெளியே எடுத்துக் காயப்போட முடியாது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும். தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து பங்குனிக் கடைசி வரைதான் நல்ல காலம். ஒரு நாளைக்கு ஒரு அறை என்று திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு அலுமாரி, அல்லது கட்டிலுக்குக் கீழே உள்ளது மட்டும். காலை எட்டு மணிக்கு முற்றத்தில் அல்லது விறாந்தையில் ஒரு பழைய சீலையை விரித்து, எல்லாவற்றையும் அதில் எடுத்து வையுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு அந்தச் சீலை வெறுமையாக வேண்டும். பகல் முடியக் குவியல் மிச்சமிருந்தால் அது திரும்ப அறைக்குள்தான் போகும், முந்தியதைவிட மோசமாக.

குவியல் நாலு போடுங்கள்: பாவிக்கிறது, கொடுக்கிறது, எறிகிறது, பிறத்தியாருடையது. நாலாவது குவியல்தான் எங்கள் வீடுகளில் பெரியது. நாலு அறையில் ஒன்று வெளிநாட்டில் இருக்கிற அண்ணருடையதோ அக்காவுடையதோ என்று நினைக்கிறேன். அவர்கள் விடுமுறைக்கு வந்து விட்டுப்போன சூட்கேஸ், குளிர்ச் சட்டை, பிள்ளையின் தள்ளுவண்டி எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடக்கும். அவர்கள் காசில்தானே கூரை மாற்றியது, அதை எப்படித் தொடுவது என்பீர்கள். தொடச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "இதை வைக்கவா?" என்று கேட்டால் "வையுங்கோ" என்றுதான் பதில் வரும். "இன்ன திகதிக்குள் சொல்லுங்கோ, வைக்கிறதானால் ஒரு சூட்கேஸ் அளவுக்கு எதை வைக்கிறது?" என்று கேளுங்கள். அளவும் திகதியும் இருந்தால் ஆட்கள் யோசிப்பார்கள். பூட்டிய அறை மாரி முழுக்கக் காற்றில்லாமல் கிடந்தால் அந்தச் சாமான்தான் முதலில் பழுதாகும், அதையும் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் யன்னலைத் திறந்துவிட வேண்டியது கட்டாயம்.

அம்மாவின் சாமானில் அவர் இல்லாத நேரம் கை வைக்காதீர்கள். இதைப் படித்துவிட்டு "வயது போனவர்களின் பொருளை எறியச் சொல்கிறான்" என்று யாரும் எழுத வேண்டாம்; நான் சொல்வது நேர்மாறு. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது ஒரு பையோடு வெளிக்கிட்ட தலைமுறை அது. திரும்பி வந்தபோது கதவு நிலையே இல்லாத வீடுகள் எத்தனை. வெறும் பால்மாப் பேணியை அவர்கள் கழுவி வைப்பதற்கு அதுதான் காரணம். அதை நோய் என்று பெயர் வைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பேணி நாற்பது தேவையில்லை. "எறியட்டா?" என்று கேட்காமல், "இதில் நல்லது பத்தை எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள். தெரிவு அவர் கையில் இருக்கட்டும்.

கடதாசி வேலையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். எறியவே கூடாதவை: காணி உறுதி, நில அளவை வரைபடம், பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள், பழைய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், ஓய்வூதியக் கடிதங்கள், வங்கிப் புத்தகங்கள், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் தொடர்பான எந்தக் கடிதமும். கட்டிய மின்சாரப் பட்டியல் ஒரு வருடத்துக்குப் போதும். உறுதியை லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு உரிக்க முடியாது. முத்திரை, கையெழுத்தைச் சோதிக்கவும் முடியாது. றப்பர் வளையம் வெயிலில் உருகிக் கடதாசியில் கறையாகும், கிளிப் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டை போடும். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, மூடியுள்ள பெட்டியில் நெஞ்சு உயரத்துக்கு மேலே வையுங்கள். பெட்டி மூடியின் உட்புறம் உள்ளதெல்லாவற்றுக்கும் பட்டியல் ஒன்று ஒட்டுங்கள். ஸ்கான் செய்த பிரதி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே. உறுதி தொலைந்திருந்தால் பதறாதீர்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கமும் திகதியும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்றையும் பட்டியலில் குறித்துவையுங்கள்.

அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகங்கள், நினைவு மலர்கள் எல்லா வீட்டிலும் அடுக்காகக் கிடக்கின்றன. தேவாரமும் இறந்தவரின் படமும் இருப்பதால் எறிய மனம் வராது, எறியவும் வேண்டாம். சொந்த வழியினருடையதை வைத்துக்கொள்ளுங்கள், பல குடும்பங்களின் வம்சாவளி வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. மற்றதையும், பழைய பாடசாலை, கோயில் மலர்களையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்க்கிறார்கள். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஊரில் பழங்கடதாசிக் கட்டை அப்படியே பேப்பர்க்காரனுக்கு நிறுத்துப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

இனி அடுக்குவது. வாடையோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கு, கிழக்கு வெளிச்சுவரோடு அலுமாரி வைக்காதீர்கள். உட்சுவரோடு வையுங்கள், அதிலும் மூன்று அங்குலம் இடைவெளி விட்டு. அலுமாரிக் கால் நிலத்திலிருந்து நாலு அங்குலமாவது உயர வேண்டும். அறையில் வைக்க வேண்டிய பெட்டிகளுக்கு நாலு சீமெந்துக் கல், மேலே இரண்டு பலகை போதும். கல்லில் வைத்தால் கறையான் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வரும். கல்லின் மேலால் மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும், ஆனால் அது உங்கள் கண்ணில் படும். உயர்த்துவதன் பயன் அதுதான். மாரியில் கிழமைக்கு ஒருமுறை ரோச் லைற் அடித்துப் பாருங்கள். குழாய் கண்டால் நடுவில் இரண்டு அங்குலம் சுரண்டிவிட்டு மூன்று நாலு நாள் விடுங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கரப்பானுக்கு அடிக்கிற ஸ்பிறே அடித்துப் பயனில்லை. கண்ணில் பட்டது சாகும், மற்றது வேறு வெடிப்பால் வரும். சுவரும் நிலமும் சேரும் இடத்தில் துளையிட்டு மருந்து இறக்குகிற ஆளைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டாம், அது வீட்டுக்குள் நெருப்புக்கு வழி. பிறகு ஒருநாள் புது அலுமாரி வாங்கினால் சிப்போட்டில் வாங்காதீர்கள். நிலம் கழுவும் தண்ணீரில் அடி ஊதி உதிர்ந்துவிடும்.

உடுப்பில் நிறையச் சொல்ல இல்லை. ஒரு நல்லநாள் பெருநாளும் வந்துபோய் இன்னும் மடிப்புக் கலையாதது இனி உடுக்கப்படாது. கூறைச் சீலை மட்டும் வேறு. அதைப் பொலித்தீனில் வைக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் முறியும். பூச்சி உருண்டை சரிகையில் முட்டக்கூடாது. பச்சைப்பிள்ளையின் உடுப்புக்குள் பூச்சி உருண்டை போடவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

குசினியில் பெரிய இடத்தைப் பிடிப்பது விசேஷச் சாமான்: அண்டா, கிடாரம், சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் வந்த எவர்சில்வர். இப்போது சமையலுக்கு வருகிறவர்களே பாத்திரமும் கொண்டுவருகிறார்கள். இருபத்தைந்து பேருக்கு ஒரு தொகுதி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கோயில் மடத்துக்கோ சனசமூக நிலையத்துக்கோ கொடுங்கள். ஒடியல் மா, அரிசி மா, தூள் இவற்றுக்குப் பிளாஸ்ரிக் பேணியைவிட இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் நல்லது. வண்டு வெளியிலிருந்துதான் வருகிறது என்றில்லை, முட்டை மாவோடேயே வரும். வாங்கின மாவை நாலு நாள் பிறீசரில் வைத்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு போத்தலில் போட்டால் அந்தத் தொல்லை குறையும். வெங்காயத்தைக் கடகத்தில் வையுங்கள். பனையோலைப் பின்னலுக்குள்ளால் காற்றுப் போகும். கடகம், நீத்துப்பெட்டி, சுளகு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல் ஆணியில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது, பார்க்கவும் வடிவு. காஸ் சிலிண்டரை அலுமாரிக்குள் மூடி மறைக்காதீர்கள். கசிந்தால் அந்த வாயு காற்றைவிடப் பாரம், அடியிலேயே தேங்கி நிற்கும்.

சாப்பாட்டு மேசையும் விறாந்தைத் திண்ணையும் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். வேறு எந்த ஒழுங்கு தவறினாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள். யன்னலை மறைத்து நிற்கிற எதையும் நகர்த்துங்கள். பல வீடுகளில் இருட்டுக்குக் காரணம் யன்னலுக்கு முன் நிற்கிற அலுமாரிதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். வீடு துப்புரவாக்குகிறீர்கள் என்று தெரிந்தால் பழைய சாமான் வாங்குகிறவர்கள் படலையடிக்கு வருவார்கள். தேக்குப் பெட்டகம், முதிரைச் சாய்மனைக் கதிரை, வெண்கலக் குத்துவிளக்கு எல்லாம் "உழுத்துப் போச்சு, இறக்குகிற கூலிக்குத்தான் காணும்" என்பார்கள். அதே பெட்டகம் மினுக்குப் பூசிக் கொழும்பில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ஊர் ஊராக இப்படித்தான் எங்கள் தச்சர்கள் செய்தவை காணாமல் போகின்றன, இடத்துக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள் வருகின்றன. பெட்டகம் சாமான் வைக்கத்தான் செய்தது. மாரிக்குப் போர்வை, தலையணை வைக்க அதைவிட நல்ல பெட்டி கடையில் இல்லை. விற்றே ஆகவேண்டுமென்றால் அளவெடுத்து, படம் எடுத்து, ஊரிலேயே ஒரு தச்சரிடம் மரம் என்னவென்று கேட்டு, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பிறகு விற்கலாம். படலையில் வைத்து அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள்.

உள்ளே குறைத்ததைக் கொண்டுபோய் வீட்டின் பின்கோடியில் குவிக்காதீர்கள். இரும்பு, போத்தல், கடதாசியைப் பிரித்து வைத்தால் சைக்கிளில் வருகிறவரே நிறுத்து எடுத்துப்போவார். பொலித்தீனைக் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும். ரியூப் லைற்றையும் பழைய சிஎஃப்எல் குமிழையும் உடைக்காமல் தனியாக வையுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. ரயர், சிரட்டை, உடைந்த வாளி மாரிக்கு முன்னம் வளவை விட்டுப் போக வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்றில்லை; முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வைத்துக்கொள்கிற வாளி, தொட்டி எல்லாவற்றின் உட்புறத்தையும் தும்பால் உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.