‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால்

கேள்வி: விசைப்படகு டீசல் எஞ்சினில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்கிறது, சுற்றவில்லை. புது பேட்டரி, 12.6 வோல்ட் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றலாமா? - வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள். சும்மா இருக்கும்போது காட்டும் 12.6-ஐ நம்ப முடியாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டரை வையுங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம், அல்லது எஞ்சின் இறுகியிருக்கிறது. 12-லேயே நின்றால் கரண்ட் வழியில் தடை. நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே, சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் போய்விட்டது. உப்புக்காற்றில் பெரும்பாலும் இதுதான். லக் (கேபிள் முனையிலுள்ள உலோக வளையம்) பக்கத்தில் உறையைக் கீறுங்கள். செம்பு பச்சை பூத்து மாவாக உதிரும். வெள்ளீயம் (டின்) பூசிய செம்புக் கேபிளாக மாற்றுங்கள். பாசிட்டிவ் கேபிளையும் அதன் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்து இப்படியே சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் மோட்டாரைக் கழற்றலாம்: சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்தச் சுவிட்ச்) காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.